விருந்துக்கு முன் ஒரு கேள்வி

"கடவுள் இல்லை என்கிறீர்கள், கர்த்தர் உயிர்த்தெழுந்தார் என்று கொண்டாடுகிற வீட்டிலே போய் விருந்துண்டு வந்தீர்களாமே, அது எப்படி?" - தாம்பரத்துத் தோழர்கள் சிலர் எங்களைக் கண்டால் தொடுக்கும் கணை இது. கேலியாகக் கேட்போரும் உண்டு. கொள்கை எங்கே கரைந்துவிட்டதோ என்ற கவலையோடு கேட்போரும் உண்டு. கேட்கட்டும். கேட்க வேண்டிய கேள்விதான்.

உண்டோம், தோழர்களே! வயிறார உண்டோம். ஏன் சென்றோம், எதைக் கண்டோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம். தீர்ப்பு வழங்குவது உங்கள் பொறுப்பு.

ஈஸ்டர் என்பது தென்சென்னைப் புறநகரில் வளர்ந்த எவருக்கும் புதுமை அல்ல. பரங்கிமலை உச்சியிலே 1523-இல் போர்ச்சுகீசியர் எழுப்பிய கோயில் இன்றும் நிற்கிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937-இல் நகரத்து நெரிசலை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. மறு ஆண்டே, 1938 டிசம்பரில், உலகெங்குமிருந்து கிறித்துவச் சபையார் அங்கே கூடி மாநாடு நடத்தினர். 'தாம்பரம்' என்ற சொல் அதன் மூலம் அயல்நாட்டுப் புத்தகங்களில் எல்லாம் ஏறிவிட்டது - மின்சார ரயிலின் கடைசி நிலையம் என்றே நாம் அறிந்திருந்த ஊர்! குருத்தோலை ஏந்திய ஊர்வலம், பெரிய வெள்ளியன்று மும்மணி நேர வழிபாடு, உயிர்த்த ஞாயிறு விடியலில் பாட்டு, பகலில் பக்கத்து வீட்டிலிருந்து மதிற்சுவருக்கு மேலாக நீளும் பிரியாணித் தட்டு - இவற்றை எல்லாம் கண்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள். ஆனால் அப்போது நாங்கள் ஊர்க்காரர்கள். ஊர்க்காரர் கைக்குத் தட்டு வருவதிலே வியப்பென்ன இருக்கிறது? ஊரும் உறவும் மொழியும் அற்று நிற்பவன் வீட்டுக் கதவு தட்டப்படும்போதுதான் தட்டியவர் இன்னார் என்பது விளங்கும்.

2018 செப்டம்பரில் வேலை நிமித்தம் பிரான்சு சென்றோம்; கணவன், மனைவி, ஏழு வயது மகள் என மூவர். இடம், அல்சாஸ் பகுதியின் தலைநகரான ஸ்ட்ராஸ்பர்க். ரைன் ஆற்றுக்கு இக்கரை பிரான்சு, அக்கரை ஜெர்மனி. பேராலயத்தின் ஒற்றைக் கோபுரம் 142 மீட்டர் உயரம். 1647 முதல் 1874 வரை உலகிலேயே உயர்ந்த கட்டடம் என்ற பெருமை அதற்கு இருந்தது. அண்ணாந்து பார்த்தோம், அசந்தோம். ஆனால் கோபுரத்தோடு பேச முடியுமா? படிக்கட்டில் எதிர்ப்படுவோர் "போன்ழூர்" என்பர். நாங்களும் "போன்ழூர்" என்போம். அவ்வளவில் அன்றைய உரையாடல் முற்றுப்பெறும். டிசம்பர் 11-ஆம் நாள் மாலை, கிறித்துமஸ் சந்தையிலே ஒருவன் துப்பாக்கியும் கத்தியுமாகப் புகுந்தான், ஐவர் மாண்டனர். அதன் பிறகு நகரமே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது போலாயிற்று. கறுத்த மேனியர் மூவர் டிராம் வண்டியில் ஏறினால் பார்வைகள் ஒரு கணம் நின்று நகர்ந்தன. அந்தக் கண்களைக் குறை கூறோம். அச்சம் குடியேறிய கண்கள் அவை.

ஏப்ரல் வந்தது. 15-ஆம் நாள் திங்கட்கிழமை மாலை, பாரிசு நகரத்து நோத்ருதாம் பேராலயம் எரிந்தது. அடுத்த வீட்டுக்காரர் - நாற்பது வயதைக் கடந்தவர், பள்ளி நாளோடு கோயிலை மறந்தவர் - கதவைத் திறந்து போட்டபடியே தொலைக்காட்சியின் முன் நின்று அழுதுகொண்டிருந்தார். எங்களைக் கண்டார், உள்ளே வரும்படி கையசைத்தார். நின்றோம். கோபுர முனை முறிந்து விழுந்தது. "கட்டியவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது" என்றார். அர்ச்சனைத் தட்டு ஏந்தாமலே தஞ்சைப் பெரிய கோயிலின் கல்லைத் தடவிப் பார்த்து நெஞ்சம் விம்மியவர்களுக்கு அந்தக் கண்ணீரின் பொருள் விளங்காமற் போகுமா?

அன்றுமுதல் அவ்வீட்டுப் பிள்ளைகள் இருவர் எங்கள் மகளுக்குத் தோழர்களாயினர். வியாழனன்று அண்ணன்காரன் - ஒன்பது வயதுப் பையன் - மரத்தாலான கிலுகிலுப்பை ஒன்றைக் கரகரவெனச் சுழற்றியபடி வந்து செய்தி சொன்னான்: மணிகள் எல்லாம் ரோமாபுரிக்குப் பறந்துவிட்டனவாம்! இனி உயிர்த்த ஞாயிறுவரை கோயில் மணி ஒலிக்காதாம். திரும்பும்போது வழியெல்லாம் முட்டைகளைப் போட்டுக்கொண்டு வருமாம். தங்கை ஒப்புக்கொள்ளவில்லை. முட்டை கொண்டுவருவது மணி அல்லவாம், முயலாம்! பிரான்சின் மற்ற பகுதிகளில் மணிக்கதை. ஜெர்மன் வாடை கலந்த அல்சாஸில் முயல்கதை. 1682-லேயே ஜெர்மன் மருத்துவர் ஒருவர் இந்த முயலைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது நம் ஊர் வழக்கு. அந்த ஊர் முயல் முட்டையே இடுகிறது!

பறக்கும் மணி, முட்டையிடும் முயல்! புட்பக விமானத்தையும் மலை சுமந்த அனுமனையும் கேட்டுச் சிரிக்கிற எங்களுக்கு இதைக் கேட்டுச் சிரிக்கவா தெரியாது? சிரித்தோம். பையன் அருகே வந்து காதோடு சொன்னான்: "மணி பறக்காது என்று எனக்குத் தெரியும். தங்கைக்குத் தெரியாது. சொல்லிவிடாதீர்கள்." ஒன்பது வயதிலே அவனுக்குக் கதை வேறு, உண்மை வேறு என்பது தெரிந்திருக்கிறது, கதையைக் கதையாக வைத்து விளையாடவும் தெரிந்திருக்கிறது. கதையை மெய்யென நம்பாதவனைத் தெருவிலே துரத்தும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

முட்டை எப்படி வந்தது என்பதற்கும் விளக்கம் எளிது. தவக்காலம் நாற்பது நாளும் இறைச்சியோடு முட்டையும் ஆகாது என்று இடைக்காலத்தில் திருச்சபை கட்டளையிட்டது. கோழிக்குத் தெரியுமா திருச்சபையின் கட்டளை? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருந்தது. சேர்ந்துபோன முட்டைகளை வேகவைத்தனர், சாயம் தோய்த்தனர், நோன்பு முடிந்த நாளில் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். நாள் குறிப்பதும் வானத்தைப் பார்த்துத்தான். எல்லோரும் ஒரே நாளில் கொண்டாடவேண்டும் என்று 325-இல் நிக்கேயா நகரில் கூடிய பேரவை முடிவு செய்தது; மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்ற கணக்கு நிலைத்தது. அந்த ஆண்டு முழுநிலவு ஏப்ரல் 19. மதுரையிலே அழகர் ஆற்றில் இறங்கிய நாள். ஸ்ட்ராஸ்பர்க்கிலே பெரிய வெள்ளி. ஒரே நிலா, இரண்டு ஊர்த் திருவிழாக்கள்.

அந்தப் பெரிய வெள்ளிதான் கதவு தட்டப்பட்ட நாள். தட்டியவர் அவ்வீட்டு மூதாட்டி, வயது எண்பத்தைந்து. "ஞாயிறு பகல் எங்களோடு உண்ண வேண்டும்" என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் உண்ணாத பொருள் ஏதேனும் உண்டா?"

தோழர்களே, அந்தக் கேள்வி எங்களைச் சுட்டது. ஏனெனில் அது நாங்கள் ஏற்கெனவே கேட்டுக் கேட்டுப் புண்பட்ட கேள்வி. திருமணமான புதிதில் குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர் என்று தெருத்தெருவாக வாடகை வீடு தேடி அலைந்தோம். வீட்டுக்காரர் வாடகையைச் சொல்லுமுன், முன்பணத்தைச் சொல்லுமுன், திண்ணையில் நிற்கவைத்துக் கேட்பார்: "நீங்க வெஜிடேரியனா?" நாக்கின் சுவையை அறியவா கேட்டார்? இல்லை. சாதியை நேரே கேட்க நா கூசுகிறது. ஆகவே சாப்பாட்டு இலையைத் தூக்கிப் பார்க்கிறார். உண்மையைச் சொன்னோம்; "சொந்தக்காரர் வருகிறார்கள், வீடு காலியில்லை" என்ற விடை ஆறு இடங்களில் கிடைத்தது. 'காலி' என்ற பலகை மட்டும் வாயிலிலே தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

அதே கேள்வி! சேலையூரில் அது கதவை அடைப்பதற்காக. ஸ்ட்ராஸ்பர்க்கில் அடுப்பை மூட்டுவதற்காக. மூதாட்டிக்குச் சொன்னோம்: "மாட்டிறைச்சியும் உண்போம், மரக்கறியும் உண்போம், காரம் குறைந்தால் மட்டும் சற்று வருந்துவோம்." சிரித்துக்கொண்டே போனார். எந்த மதம், எந்தக் கோயில், நம்பிக்கை உண்டா, இல்லையா - ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிறு, ஏப்ரல் 21. கண்விழித்துக் கைப்பேசியை எடுத்தோம். இலங்கையிலிருந்து செய்தி வந்த வண்ணம் இருந்தது. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், பெரிய விடுதிகள் மூன்று - உயிர்த்த ஞாயிறு வழிபாட்டு வேளையிலே குண்டுகள் வெடித்தன. மாண்டோர் 250-க்கு மேற்பட்டோர் என்பது பின்னர் தெளிவான கணக்கு. மட்டக்களப்பிலே மாண்டவருள் ஞாயிறு பள்ளிக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர். புத்தாடை உடுத்தி வந்த பிள்ளைகள்!

விருந்துக்குப் போகும் நாளா இது? வாணலியில் உளுந்து வடை வெந்துகொண்டிருந்தது; யாரும் பேசவில்லை. மகள் மட்டும், "முட்டை தேடப் போகலாமா?" என்று மூன்றாம் முறையாகக் கேட்டாள். போனோம்.

உள்ளே நுழைந்ததும் மூதாட்டி எங்கள் கைகளைப் பற்றிக்கொண்டார். கோயிலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார், செய்தி அறிந்திருந்தார். "உங்கள் நாடா?" என்றார். நாடு வேறு, மொழி எங்கள் மொழி என்றோம். நிலப்படத்தைக் கொண்டுவரச் செய்து இடத்தைக் காட்டச் சொன்னார். 'மட்டக்களப்பு' என்ற பெயரை அவருடைய நாக்கு நான்கு முறை முயன்றும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஐந்தாம் முறை சொன்னார். மெழுகுதிரி ஒன்றை ஏற்றிச் சாளரத்தில் வைத்தார். கடவுளை வேண்டுகிறாரா, கண்ணீரை மறைக்கிறாரா என்று ஆராய்ந்துகொண்டிருக்க எங்களுக்கு மனமில்லை. எழுந்து நின்றோம், அவ்வளவுதான்.

அவர் மகன் - நோத்ருதாமுக்காக அழுதவர் - அடுப்பிலிருந்து ஆட்டுத் தொடையை எடுத்துக்கொண்டே கசப்போடு சொன்னார்: "மதம் என்ற ஒன்று இருக்கும்வரை இதுதான் நடக்கும்." நம் மேடையிலே முழங்கவேண்டிய வாசகம்! அம்மையார் மறுத்துப் பேசவில்லை. "இருக்கலாம். ஆனால் செத்தவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள்" என்றார். இருவருக்கும் நாங்கள் தலையசைத்தோம். கொலைகாரர்கள் எந்த மதத்தின் பெயரைச் சொல்லிக் கொன்றார்களோ, அந்த மதத்தைச் சேர்ந்த எளிய மக்களின் கடைகளும் வீடுகளும் அடுத்த மாதமே இலங்கையில் தாக்கப்பட்டன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். குண்டு வைத்தவனும் கடை எரித்தவனும் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள் - தன்னவன், அயலான் என்ற பாடத்தை.

உணவு மேசையிலே அமர்ந்தோம். பூண்டு செருகி வாட்டிய ஆட்டுத் தொடை, மொச்சை போன்றதொரு வெளிர்பச்சைப் பயறு, எங்கள் வடை. வடையின் நடுவே துளை இருப்பதைக் கண்டு இனிப்புப் பண்டம் என்று கருதி, மகனார் அதன்மேல் சர்க்கரையைத் தூவிவிட்டார். நன்றாக இருக்கிறது என்று மூன்று தின்றார். கடைசியாக வந்தது ஆட்டுக்குட்டி வடிவிலான கேக்கு. சூஃப்ளென்ஹைம் என்ற ஊர்க் குயவர்கள் செய்யும் மண் அச்சிலே மாவை ஊற்றிச் சுட்டு, வெண்சர்க்கரை தூவிப் படுக்கவைத்திருந்தனர். அல்சாஸ் வீடுகளின் வழக்கம் அது. தலையை வெட்டும் உரிமை வீட்டுக்குப் புதிதாக வந்த குழந்தைக்கு என்றார் அம்மையார். எங்கள் மகள் வெட்ட மறுத்தாள். வாலைத்தான் தின்பேன் என்றாள்.

அப்போதுதான் அவர் தம் கதையைச் சொன்னார். போர் மூண்ட 1939 செப்டம்பரில் ஸ்ட்ராஸ்பர்க் நகரமே காலி செய்யப்பட்டது. எல்லை நகரம் அல்லவா? மக்களை ரயிலேற்றிப் பல நூறு கல் தொலைவில், தென்மேற்கே பெரிகோர் பகுதியில் இறக்கினார்கள். ஐந்து வயதுச் சிறுமி அவர். பிரெஞ்சுக் குடிமக்கள்தாம், ஆனால் வீட்டிலே பேசியது அல்சேசிய மொழி, அது ஜெர்மன் போல் ஒலிக்கும். பகைவனின் மொழி பேசுகிறவர்கள் என்று அந்த ஊரார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். ஆறு மாதம் அப்படியே கழிந்தது. 1940 மார்ச் 24, உயிர்த்த ஞாயிறு. அடுத்த பண்ணைவீட்டுக்காரி கதவைத் தட்டினாளாம். குடும்பத்தோடு உண்ண அழைத்தாளாம். "அந்த வீட்டில் அன்று என்ன சமைத்தார்கள் என்பது நினைவில்லை. நாற்காலி போதவில்லை என்று என் அம்மாவுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு அவள் நின்றுகொண்டே உண்டாள், அது நினைவிருக்கிறது." அதே ஆண்டு கோடையில் இட்லரின் படை அல்சாஸை விழுங்கியது. ஊர் திரும்பியவர்களுக்குப் பிரெஞ்சு மொழி பேசத் தடை. பிரெஞ்சுப் பெயரும் கூடாது. பள்ளியிலே அச்சிறுமியின் பெயரையே மாற்றி எழுதிவிட்டார்கள். சொந்த வீட்டிலேயே அயலாராக நான்காண்டு! அல்சாஸ் மண்ணில் பிறந்த அவர் தாய்க்கோ, 1871-க்கும் 1945-க்கும் இடைப்பட்ட ஆட்சி மாற்றங்களில், குடியுரிமை மாறி மாறி வந்தது.

பிள்ளைகள் தோட்டத்துக்கு ஓடினர். வெங்காயத் தோலில் வேகவைத்த செம்பழுப்பு முட்டைகள் புல்லிலும் தொட்டியிலும் வேலிக்கடியிலும் ஒளிந்திருந்தன. தனக்கு எட்டும் இடத்திலிருந்ததைத் தெரிந்தும் எடுக்காமல், எங்கள் மகள் பக்கம் கண்ணைக் காட்டினான் அந்த ஒன்பது வயதுப் பகுத்தறிவாளன்.

பிரெஞ்சுக்காரருக்குப் புகழ்மாலை சூட்டப் புறப்பட்டோம் என்று எண்ணிவிடாதீர்கள். இதே ஸ்ட்ராஸ்பர்க் நகரில், 1349 பிப்ரவரி 14-இல், கிணற்றில் நஞ்சிட்டுக் கொள்ளைநோயைப் பரப்பினர் என்று பழிசுமத்தி யூதர்களை உயிரோடு எரித்தார்கள். எரித்தவர்களும் ஈஸ்டர் கொண்டாடியவர்கள்தாம். கடல் கடந்து புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுப் பாதிரிமாரின் கோயிலுக்குள்ளே, தாழ்த்தப்பட்ட கிறித்துவர் ஒருபுறம், சாதிக் கிறித்துவரும் ஐரோப்பியரும் மறுபுறம் நின்று தொழ நடுவிலே சுவர் எழுந்திருந்தது. 1745-இல் தாழ்த்தப்பட்டோர் முறையிட்டதன்பேரில் சுவர் இடிக்கப்பட்டதையும், அதைக் கண்டு சாதிக் கிறித்துவர் சீறியதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சுவரை இடித்தாலும் சுவர்ப்புத்தி போகவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையிலே, மாண்டோருக்கு நடுவிலும் சாதிச்சுவர் நின்றதை நாடறியும். உயிர்த்தெழுதலை நம்புவோர், எழும்போதும் தனித்தனி வரிசையில்தான் எழவேண்டும் என்று எண்ணினார்கள் போலும்!

இன்னொன்றையும் அந்த நாட்டில் கண்டோம். 1905-இலேயே அரசையும் திருச்சபையையும் சட்டத்தால் பிரித்த நாடு பிரான்சு. பெரிய வெள்ளிக்கு அங்கே விடுமுறை கிடையாது. அந்தச் சட்டம் பிறந்தபோது ஜெர்மனியின் கையில் இருந்த அல்சாஸ், மோசெல் பகுதிகளில் மட்டும் பழைய வழக்கப்படி உண்டு. ஆனால் ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை நாடு முழுதும் விடுமுறை - 1886-ஆம் ஆண்டுச் சட்டம் அது. நம்பாதவரும் அன்று ஓய்வெடுக்கிறார், உறவைப் பார்க்கிறார், எஞ்சிய கறியைத் தின்கிறார். மூதாட்டி கோயிலுக்குப் போனார், மகன் போகவில்லை, மேசை ஒன்றாகவே இருந்தது. போகாத மகனைத் தாய் சபிக்கவில்லை. போகிற தாயை மகன் பழிக்கவில்லை. நம் வீடுகளிலே இது எத்தனை வீட்டில் இயலும் என்று எண்ணிப் பாருங்கள்.

கொரோனா ஓய்ந்தபின் தாம்பரம் திரும்பினோம். பல்லாவரமும் பம்மலும் செம்பாக்கமும் சேர்ந்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது, ஊர் வளர்ந்துவிட்டது, வீட்டுக்காரரின் கேள்வி மட்டும் வளரவில்லை. ஒருவாறு சேலையூரில் வீடு கிடைத்தது. எங்களுக்கு இடப்புறம் நெல்லைக் கிறித்துவக் குடும்பம். வலப்புறம் முட்டை நுழையாத வீடு. ஈஸ்டர் பகலில் இடப்புறத்து அம்மா அனுப்பிய தட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்கு அடுத்த வீட்டுக்கு அவர் தனியாகப் பழமும் கேக்கும் அனுப்பினார். அது வாசலிலேயே திரும்பியது. "தப்பா நினைச்சுக்காதீங்க" என்ற சொல்லோடுதான் திரும்பியது. தட்டை ஏந்திக்கொண்டு திரும்பிய அந்த அம்மாவின் முகத்தை நாங்கள் மறக்கவில்லை.

அதற்கடுத்த ஈஸ்டருக்கு, 2023 ஏப்ரல் 9-இல், நாற்பது முட்டைகளை வேகவைத்தோம். சின்ன வெங்காயத் தோலில் பாதி, மஞ்சளில் பாதி சாயமேற்றினோம். விடியுமுன் வாசல் தோட்டத்தில் ஒளித்து வைத்து, தெருப்பிள்ளைகள் அத்தனை பேரையும் அழைத்தோம். எவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பதினேழு பிள்ளைகள் வந்தார்கள். மணி, முயல் கதைகளை எங்கள் மகள் சொன்னாள். "கதைதான்" என்று சேர்த்தே சொன்னாள்.

வலப்புறத்து வீட்டுச் சிறுவன் வாயிற்கதவின் கம்பியைப் பிடித்தபடி நின்றான். "மாமா, நான் சாப்பிட மாட்டேன். தேட மட்டும் வரலாமா?" என்றான்.

அவன்தான் மிகுதியாகக் கண்டெடுத்தவன் - பதினொன்று. ஒன்றைக்கூடத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல், இடப்புறத்து வீட்டுக் குழந்தையின் பாவாடையிலே கொட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். அவன் பாட்டி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், கூப்பிடவில்லை. எல்லாவற்றையும் எண்ணியபோது முப்பத்தொன்பதுதான் இருந்தது. காக்கை கொண்டுபோயிருக்கும் என்று விட்டுவிட்டோம். நாற்பதாவது முட்டை, நான்கு நாள் கழித்து வெயில் ஏறிய ஒரு பகலில், தான் இருக்கும் இடத்தைத் தெரு முழுவதற்கும் தானே அறிவித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு முதலில் ஓடிவந்து, குரோட்டன் தொட்டிக்குப் பின்னால் அதைக் கண்டுபிடித்தவனும் அந்தச் சிறுவனே. பன்னிரண்டு என்று கணக்கைத் திருத்தச் சொல்லி இன்றும் எங்களிடம் வழக்காடுகிறான்.